தாள் முழுக்கக் காட்டெருமை

தலைச்சோலைப் பள்ளிக்கு ஓவியம் சொல்லித்தர வந்த ஒல்லி டீச்சரின் நகமெல்லாம் கிரேயான் மெழுகாக இருக்கும். அதிர்ந்து பேசமாட்டார். காலையில் நடந்துவந்த வழியை வரையச் சொல்லித்தான் எப்போதும் வகுப்பைத் தொடங்குவார்.

ஒருநாள் சாயங்காலம் மகளைக் கூட்டிவரப் போனேன். பிள்ளைகளின் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர் எழுந்துபோய்க் கேட்டைப் பூட்டினார்.

"ஏனுங்க டீச்சர்?"

"காட்டெருமைங்க. பிள்ளைங்க தூரத்துல பார்த்தா சின்னதா வரைவாங்க. கிட்டத்துல பார்த்தா நொம்பப் பெருசா வரும். இன்னைக்கு நாலு பேருக்குத் தாளே பத்தலை. பாரஸ்ட்டுக்குப் போன் பண்ணிட்டேன். ஜீப் வரட்டும்ங்க."

"எம் பொண்ணு என்னங்க வரைஞ்சா?"

அவர் தயங்கினார். "அப்பாகிட்டக் காட்டு, கண்ணு."

தாள் முழுக்கக் கறுப்பு. நடுவில் ஒரேயொரு கண்.

காலையில் பனிக்குள் அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவன் நான்தான். நான் எதையும் பார்க்கவில்லை.