நேசமலர் ரீச்சர் புள்ளி போட்ட சீடி

நேசமலர் ரீச்சருக்கு எந்தப் பாட்டையும் சும்மா கேட்கத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் சங்கீதப் பரீட்சைகளுக்குப் புள்ளி போட்டே தலை நரைத்தவர். ஓய்வு பெற்றுக் கொழும்பு வெள்ளவத்தைப் பிளாற்றுக்கு வந்த பிறகும் அவருடைய காது ஓய்வு பெறவில்லை. கீழே மீன்காரன் கூவினால் ஐம்பத்தைந்து. கோயில் ஒலிபெருக்கிக்கு முப்பது, அதுவும் சுவாமிக்குப் பயந்து.

ஆகவே மூன்றாம் மாடியிலிருந்து பின்னேரங்களில் ஓர் ஆண் கத்துவது கேட்கத் தொடங்கியபோது கட்டடமே நடுங்கியது. ரீச்சர் மட்டும் அவன் எந்தச் சுருதியில் கத்துகிறான் என்று பார்த்தார்.

நடுங்கியவர்களையும் குறை சொல்ல முடியாது. கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழரைப் பொலிசார் பஸ்ஸில் ஏற்றி வடக்கே அனுப்பிய வருடம் அது. மூன்றாம் மாடி அறையில் வாடகைக்கு இருந்தவள் அருந்ததி. வவுனியாப் பிள்ளை, தனியாள், ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் கம்பனியில் கணக்கு வேலை. பொலிஸ் பதிவில் அந்த அறைக்கு அவள் பெயர் மட்டும்தான் இருந்தது. பதிவில்லாத ஒருவன் உள்ளே நின்று கத்துகிறான் என்றால் அள்ளிக்கொண்டு போவது அவளை மட்டுமாக இருக்காது.

குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் பொன்னம்பலம் ரீச்சரின் வாசலுக்கு வந்தார். அரசாங்கக் கந்தோரில் கிளாக்காக இருந்தவர், இப்போதும் கோப்புக்குப் பேசுவதுபோலத்தான் பேசுவார்.

"ஞாயிறு கூட்டத்தில முடிவெடுக்கிறம், ரீச்சர். அந்தப் பெட்டையை அறையை விட்டு எழுப்பச் சொல்லி வீட்டுக்காரருக்குச் சொல்லவேணும். அதுக்கு முதல் நீங்கள் ஒருக்காப் போய்ப் பாத்து அறிக்கை தாங்கோ. பொம்பிளை ஆள் போறதுதான் மரியாதை."

எழுப்பினால் அருந்ததிக்கு இன்னோர் அறை கிடைப்பது சந்தேகம். அறை இல்லாவிட்டால் பதிவு இல்லை, பதிவு இல்லாவிட்டால் கொழும்பு இல்லை. இது பொன்னம்பலத்துக்கும் தெரியும். அதனால்தான் அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தபடி சொன்னார்.

ரீச்சர் மேலே ஏறினார். கதவு உடனே திறந்தது. உள்ளே ஆண் இல்லை. மேசையில் ஒரு சீடி பிளேயர் மட்டும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

"அமெரிக்காக்காரர், அன்ரி. அஞ்சு பேர். கத்திப் பாடுற ரொக் பாட்டு, போஸ்ட் ஹார்ட்கோர் எண்டு சொல்லுவினம்."

"ஹெட்போன் போடலாமே பிள்ளை?"

"போட்டால் கதவு தட்டுறது கேக்காது. பொலிஸ் செக்கிங் வந்து, நான் திறக்காமல் விட்டால்?"

ரீச்சர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முதல்ல இருந்து போடு. அரைவாசி கேட்டு நான் ஆருக்கும் புள்ளி போட்டதில்லை."

முழுதும் கேட்டார். நடுவில் ஒரேயொரு தடவைதான் வாயைத் திறந்தார்.

"இவர் எதுக்கு இந்தக் கத்துக் கத்துறார்?"

"தகப்பன் விட்டிட்டுப் போனது. நித்திரை வராதது. அப்பிடி."

"அவையின்ர பக்கம் குண்டு வெடிக்கிறதோ?"

"இல்லை அன்ரி."

ரீச்சருக்கு இது பெரிய புதிராக இருந்தது. கத்துவதற்குக் காரணம் உள்ளவர்கள் எல்லாரும் இந்தக் கட்டடத்தில் ரகசியக் குரலில் கதைத்துக்கொண்டிருக்க, எங்கேயோ ஒருவன் அவர்களுக்கும் சேர்த்துக் கத்திவிட்டுப் போகிறான். அவனைக் கேட்கவும் ஒரு வவுனியாப் பிள்ளை இருக்கிறாள்.

ஞாயிறு பின்னேரம் கீழே வாகனத் தரிப்பிடத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டுக் கூட்டம். அருந்ததி ஓரமாக நின்றாள். ரீச்சர் எழுந்தார்.

"அறையில ஆம்பிளை இல்லை. சீடிக்குள்ள அஞ்சு பேர் இருக்கினம். மேளக்காரன் கெட்டிக்காரன், குடும்பத்தைத் தாங்கிறது அவன்தான். பாடுறவர் கத்தி முடிச்ச கையோட சரியாச் சுருதியில வந்து நிக்கிறார். எப்பிடியெண்டு எனக்கு இன்னும் பிடிபடேல்லை. நாலாவது பாட்டில மட்டும் ஏமாத்துறார், கத்தவேண்டிய இடமில்லை, பழக்கத்தில கத்துறார். கடைசிப் பாட்டு அருமை. எல்லாமாச் சேத்து அறுபத்தெட்டு."

"ரீச்சர், நாங்கள் கேட்டது சத்தத்தைப் பற்றி."

"சத்தத்தைப் பற்றித்தானே சொன்னனான்."

கூட்டத்துக்கு அது போதவில்லை. பிளேயர் கீழே கொண்டுவரப்பட்டது. "எங்களுக்குக் கேக்கிற மாதிரியே போடுங்கோ" என்று பொன்னம்பலம் தன் கையாலேயே சத்தத்தைக் கூட்டினார். அமெரிக்கன் பாட்டுக்குப் பாட்டுக் கத்தினான். அந்தச் சத்தத்துக்கு, தெருவில் போய்க்கொண்டிருந்த பொலிஸ் சார்ஜன் இரண்டு கான்ஸ்டபிள்களோடு கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

யாரைப் போட்டு அடிக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார்.

பொன்னம்பலத்தின் சிங்களம் கந்தோரில் தேய்ந்து மினுங்கிய சிங்களம். பயத்தில் அது இன்னும் மினுங்கியது. அடிபிடி ஒன்றும் இல்லை மாத்தயா, இது சங்கத்தின் இசை ரசனைக் கூட்டம், இந்த அம்மா பரீட்சகர், அந்தப் பிள்ளைதான் பொறுப்பாளர், மிகவும் நல்ல பிள்ளை, பதிவெல்லாம் சரியாக இருக்கிறது, நானே பொறுப்பு என்று ஒரே மூச்சில் ஒப்புவித்தார்.

சார்ஜன் ரீச்சரின் பக்கம் திரும்பி, இது நல்ல பாட்டா என்று கேட்டார்.

பிளேயரில் ஓடிக்கொண்டிருந்தது நாலாவது பாட்டு. ரீச்சருக்குப் பொய்ப் புள்ளி போட்டுப் பழக்கமில்லை.

"இது சரியில்லை மாத்தயா. மற்றதுகள் பரவாயில்லை."

சார்ஜன் சிரித்தார். எல்லா ஞாயிறும் நடக்குமா என்றார்.

"எல்லா ஞாயிறும்" என்றார் பொன்னம்பலம்.

அப்படியானால் வாற கிழமையும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார். கேற் சாத்தும் சத்தம் அடங்கும்வரை ஒருவரும் அசையவில்லை. பிறகு பின்வரிசையில் யாரோ, அப்ப அந்த எழுப்புற விஷயம் என்னமாதிரி என்று இழுத்தார். பொன்னம்பலம் அவர்மேல் பாய்ந்தார்.

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? பொலிசுக்குப் பொறுப்பாளர் எண்டு சொன்ன ஆளை எழுப்பலாமே? நாளைக்கு வந்து எங்கை எண்டு கேட்டால் நீரோ பதில் சொல்லுறது?"

அருந்ததி பிளேயரை நிறுத்தினாள். ரீச்சர் அவளருகே வந்து சீடியை வெளியே எடுத்தார்.

"வாற ஞாயிறுக்கு இவையின்ர வேற சீடி இருக்கே, பிள்ளை?"

"முதல் அல்பம் இருக்கு, அன்ரி. அதில இன்னும் கூடக் கத்துவினம்."

கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த பொன்னம்பலம் நிமிர்ந்தார்.

"மெதுவா ஒண்டும் இல்லையோ, தங்கச்சி?"