நிரஞ்சனியின் பன்னிரண்டாவது குர்சுஸ்

2025 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை, பிற்பகல் மணி 3.40. மலேசியாவின் சபா மாநிலத்துக் கிழக்குக் கரையை அடுத்த மாபுல் தீவுக்குப் பக்கத்தில், ஐம்பத்தோரு வயது நிரஞ்சனி கடலுக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டினார். அன்று அவர் முக்குளித்தது அது மூன்றாவது முறை. இருபத்திரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு கடலாமையோடு ஐந்து நிமிடம் நீந்திவிட்டு வந்திருந்தார். அந்த நேரத்தில் அவர் தாவாவ் நகரத்தில் குளிர்சாதன அறை ஒன்றில் உட்கார்ந்து கோப்பு நிர்வாகம் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பதாக கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவர் வீட்டார் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அரசாங்க ஊழியர் வீட்டில் ‘குர்சுஸ்’ என்ற மலாய்ச் சொல்லுக்கு எதிர்க்கேள்வி கிடையாது. பயிற்சி வகுப்பு, மேலிடம் அனுப்பும், போயே ஆக வேண்டும். நிரஞ்சனியின் புகுந்த வீடு மூன்று தலைமுறையாக அரசாங்கச் சம்பளத்தில் வாழும் யாழ்ப்பாணக் குடும்பம். மாமனார் வல்லிபுரம் ரயில்வேயில் முப்பத்து நான்கு ஆண்டு. கணவர் கிருஷாந்த் இடைநிலைப் பள்ளியில் கணித ஆசிரியர். நிரஞ்சனி கிள்ளானில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நிர்வாக உதவியாளர். அந்த வீட்டில் கோயிலுக்குப் போகிறேன் என்றால்கூட எந்தக் கோயில், யாரோடு என்று நான்கு கேள்வி வரும். குர்சுஸ் என்றால் ஒன்றும் வராது. மாமனார் குடையை எடுத்துக் கையில் கொடுப்பார்.

பதினான்கு மாதத்துக்கு முன்பு, அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் அவர் கிள்ளான் நீச்சல்குளத்துக்குப் போனார். ஸ்கூபா கற்றுத்தருபவர் ஹைதர். கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் மூன்றாவது தலைமுறையாகத் துணிக்கடை நடத்தும் தமிழ் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். வாரநாளில் மீட்டர் கணக்கில் பட்டு கிழித்து விற்பார், சனிக்கிழமை ஆட்களைத் தண்ணீருக்குள் இறக்குவார். முதல் நாள் நிரஞ்சனி மூன்று மீட்டர் ஆழத்தில், குளத்தின் தரையில் முழங்காலிட்டு, முதுகில் காற்று டேங்குடன் நாற்பது நிமிடம் மூச்சுவிட்டார். மேலே வந்தபோது கைப்பேசியில் ஒன்பது தவறிய அழைப்புகள். நாற்பது நிமிடம் யாராலும் தன்னைக் கூப்பிட முடியவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த வாரத்துக்கும் பெயர் கொடுத்தார்.

வீட்டில் சொல்லிப் பார்க்காமல் இல்லை. “நீச்சல் பழகலாம்னு இருக்கேன்” என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் தொடங்கினார். “இந்த வயசுல நீச்சல் உடுப்பா?” என்று கிருஷாந்த் சிரித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, குர்சுஸ் தொடங்கியது. குளத்தில் பதினொன்று. மாபுல் மூன்று நாள் பயணம் பன்னிரண்டாவது.

படகிலிருந்து படகுத்துறைப் பலகையில் ஏறியதும் கைப்பேசி அடித்தது. மணி நான்கு ஐந்து. கிருஷாந்த்.

“நிரா, குர்சுஸ் முடிஞ்சிருச்சா?”

“இன்னிக்கு உள்ளது முடிஞ்சது. என்னங்க?”

“சிவமலர் அக்கா வீட்ல நாளைக்குக் காலையிலயே வராங்களாம்லா. ஒன்பது மணிக்கு. புதன்கிழமை இல்ல.”

நிரஞ்சனி ஈர உடையோடு அப்படியே பலகையில் உட்கார்ந்தார்.

சிவமலர் கிள்ளானில் இருக்கிறார். அவர் மகன் சிவேந்திரனும் நிரஞ்சனியின் மகள் ஜனகாவும் மூன்று ஆண்டாகக் காதலிக்கிறார்கள். தன் அண்ணன் மகளை மனத்தில் வைத்திருந்த சிவமலரை ஒப்புக்கொள்ள வைக்கவே இரண்டு ஆண்டு போயிற்று. வரும் புதன்கிழமை தட்டு மாற்றுவதாகப் பேச்சு. ஆனால் மெல்பர்னில் வேலை பார்க்கும் சிவேந்திரனை அலுவலகம் அவசரமாகத் திரும்பக் கூப்பிட்டுவிட்டது. ஞாயிறு இரவே விமானம். அடுத்த விடுப்பு 2026 கடைசியில். இப்போது தட்டு மாறினால் அந்த விடுப்பில் கல்யாணம். மாறாவிட்டால் ஓராண்டுக்கு மேல் சிவமலருக்கு மனம் மாற நேரம் இருக்கும். அவருக்கு ஒரு சாக்கு போதும்.

“நான் உனக்கு டிக்கெட் எடுத்துட்டேன்” என்றார் கிருஷாந்த். “இன்னிக்கு ராத்திரி எட்டு நாப்பதுக்கு தாவாவ்ல ஏறு. சர்டிபிகேட்டை அவங்க தபால்ல அனுப்புவாங்க.”

நிரஞ்சனி நேராக ஹைதரிடம் போனார். அவர் டேங்குகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்.

“தம்பி, கரைக்குக் கடைசி போட் எத்தனை மணிக்கு?”

“அஞ்சு. ஆறுக்கு மேல இந்தக் கடல்ல போட் ஓட்ட விடமாட்டாங்க. ஏன்க்கா?”

“எட்டு நாப்பது பிளேனைப் பிடிக்கணும்.”

ஹைதர் டேங்கைக் கீழே வைத்தார். நிரஞ்சனியின் மணிக்கட்டைப் பிடித்து, அதிலிருந்த முக்குளிப்புக் கருவியை அவர் முகத்துக்கு நேரே திருப்பினார். சின்னத் திரையில் ஒரு விமானப் படம், அதன் மேல் குறுக்குக் கோடு.

“மூணு தடவை இறங்கியிருக்கீங்க. பதினெட்டு மணி நேரம் பறக்கக் கூடாது. நாளைக்குக் காலையில ஒன்பது நாப்பதுக்கு அப்புறம்தான்.”

“பறந்தா?”

“உடம்புல நைட்ரஜன் ஏறியிருக்குக்கா. பிளேன் மேல போனா காத்தழுத்தம் குறையும். சோடா பாட்டில் மூடியைத் திறந்தா எப்படிப் பொங்குது? அது ரத்தத்துல. ஒரு ஆளைப் பார்த்திருக்கேன். எங்க பேச்சைக் கேக்காம ஏறிட்டாரு. இறங்கும்போது இடது காலு வரல.”

“ஒண்ணும் ஆகாமலும் போகலாம் இல்லியா?”

“போகலாம். நான் போட்டுல கொண்டுபோய் விடுறேன். கையைப் பிடிச்சு நிறுத்த எனக்கென்ன உரிமை இருக்கு?”

சபாவிலிருந்து கோலாலம்பூருக்குப் பேருந்து இல்லை, ரயில் இல்லை. நடுவில் தென் சீனக் கடல்.

நிரஞ்சனி மறுபடி வீட்டை அழைத்தார். பழகிய வழியில்தான் போனார். “ஆபீசர் விடமாட்டேங்கிறார்” என்றார்.

“நம்பரைக் குடு, நான் பேசுறேன்.”

பின்னாலிருந்து மாமனாரின் குரல் கேட்டது. “டேய், குர்சுஸை நடுவுல விட்டா ரெக்கார்டுல எழுதிருவாங்கடா. முப்பத்து நாலு வருஷத்துல நான் ஒண்ணைக்கூட விட்டதில்ல. பிள்ளையைத் தொந்தரவு பண்ணாத.”

எண்பத்து மூன்று வயது மனிதர் தன் பொய்க்காக வாதாடுவதை நிரஞ்சனி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா, நீங்க சும்மா இருங்க” என்றார் கிருஷாந்த். “நிரா, எதுக்கும் தாவாவ்ல நம்ம ரெங்கசாமிகிட்ட சொல்லிட்டேன். என்கூட டிரெயினிங் காலேஜ்ல படிச்சவன். ஆறு மணிக்கு ஹாலுக்கே காடி கொண்டு வரான். ஆபீசர்கிட்டயும் அவன் பேசுவான். எந்த ஹால்னு அனுப்பு.”

எந்த ஹால். நிரஞ்சனி அழைப்பைத் துண்டித்தார். அது உடனே மறுபடி அடித்தது. இம்முறை சிவமலர்.

“நிரஞ்சனி, உங்களுக்குக் குர்சுஸாமே. தம்பி சொன்னாரு.”

“ஆமாக்கா, அதான்...”

“குர்சுஸ்தானே, விட்டுட்டு வரலாமே. என் வீட்டுக்காரர்கூட ஆபரேஷனுக்குக் குடுத்த தேதியை மாத்திட்டு வராரு. பொண்ணோட அம்மா கையிலதான் நான் தட்டைக் குடுப்பேன். வர விருப்பமில்லன்னா நேரா சொல்லிருங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.”

அவர் நினைப்பார் என்பது இருவருக்கும் தெரியும்.

ஐந்து மணிக்குப் படகு தயாராக நின்றது. நிரஞ்சனி பையோடு வந்து ஒரு காலைப் படகின் விளிம்பில் வைத்தார். படகோட்டி கை நீட்டினார். இரண்டே முக்கால் மணி நேரப் பறப்பு. ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஆனால் காலையில் மகளுக்குத் தட்டு மாற்றும்போது தாயின் இடது கால் வராமல் போனால் அதற்கு எந்தக் குர்சுஸைக் காரணம் சொல்வது? காலை எடுத்தார். படகு போயிற்று.

அதன் பிறகு அவர் நடந்தார். மீன்பிடி கிராமத்தின் மரவீடுகள் தண்ணீருக்கு மேல் கம்பங்களில் நின்றன. பலகைப் பாதையில் பிளந்த மீன்கள் காய்ந்தன. வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்த பஜாவ் இனக் கடலோடிப் பெண் ஒருத்தி, வெயிலுக்காகக் கன்னத்தில் அரிசிமாவு பூசியவள், “எங்கே போறீங்க?” என்று மலாயில் கேட்டாள். “சும்மா” என்றார் நிரஞ்சனி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தைந்து நிமிடம் கழித்து, வந்த பக்கமாகத் திரும்பாமலேயே, நிரஞ்சனி அதே படகுத்துறைக்கு வந்து சேர்ந்தார். தீவு அவ்வளவுதான்.

ஐந்து முப்பத்தைந்து. இன்னும் சிறிது நேரத்தில் ரெங்கசாமி காரை எடுத்துவிடுவார். குர்சுஸ் என்பது கேள்வி கேட்க முடியாத காரணமாக இருந்தது இதுவரை. இன்று அதை விட்டுவிட்டு வரலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். விட்டுவிட்டு வர முடியாத காரணம் ரத்தத்தில் இருந்தது, அதை மட்டும்தான் அவர் இன்னும் சொல்லவில்லை. கிருஷாந்தை அழைத்தார்.

“என்னங்க, ரெங்கசாமியை வரவேணாம்னு சொல்லுங்க. ஹால் கிடையாது. நான் மாபுல்ல இருக்கேன். தீவு. டைவிங் பண்ண வந்தேன்.”

வீட்டுத் தொலைக்காட்சியின் சத்தம் சட்டென்று நின்றது.

“கடலுக்குள்ளயா?”

“இப்ப மேலதான் இருக்கேன்.”

“ஜோக் அடிக்காதே நிரா. எத்தனை நாளா?”

“பதினாலு மாசம்.”

“அப்ப அந்த லீடர்ஷிப் குர்சுஸ்?”

“குளம்.”

“தீபாவளிக்கு முன்னாடி ஷா ஆலம்ல...?”

“அதுவும் குளம்.”

அவர் பதினெட்டு மணி நேரத்தை விளக்கினார். கிருஷாந்த் கணித ஆசிரியர். கணக்கு அவருக்கு உடனே புரிந்தது. “சரி, யார்கிட்டயும் சொல்லாதே” என்றார். “குர்சுஸ்ல உனக்கு உடம்பு சரியில்லாமப் போச்சுன்னு சொல்லிருவோம்.”

“என்ன வியாதின்னு கேப்பாங்க. பரம்பரையான்னு கேப்பாங்க.”

கைப்பேசி கைமாறியது. ஜனகா மருந்தாளுநர், நைட்ரஜன் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“அம்மா, நீங்க பிளேன் ஏற வேணாம். அது முடிஞ்சது. ஆனா ஒண்ணு கேக்குறேன். சிவாவைப் பத்தி எட்டு மாசம் சொல்லாம இருந்தேன்னு ரெண்டு வாரம் என்கூடப் பேசாம இருந்தீங்களே. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“பெத்தவகிட்ட என்னடி ஒளிவுமறைவுன்னு கேட்டீங்க.”

ஜனகா வைத்துவிட்டாள்.

ஐந்து ஐம்பது. சிவமலருக்கு அவர் தானே அழைத்துச் சொன்னார். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

“கடலுக்கு அடியிலயா? நீங்களா?” என்றார் சிவமலர். “இந்த உடம்பை வச்சிக்கிட்டா? ஐயோ, நான் ஊர்ல என்னன்னு சொல்லுவேன். என் மகன் என்கிட்ட ஒரு நாளும் எதையும் மறைச்சதில்ல.”

“அக்கா, எட்டு மாசம் ஜனகாவைப் பத்தி உங்ககிட்டயும்தானே சொல்லல.”

அவ்வளவுதான் என்று நிரஞ்சனி நினைத்தார்; எல்லாவற்றையும் தானே உடைத்துவிட்டதாக. பிறகு காகிதம் புரளும் ஓசை கேட்டது.

“நாளைக்கு எத்தனை மணிக்கு வந்து இறங்குவீங்க?”

“மூணு பத்து, கேஎல்ஐஏ.”

“நாலரையிலிருந்து ஆறு வரைக்கும் ராகு காலம். ஏழு மணிக்கு நாங்க ஏர்போர்ட் கிளம்பணும். ஆறுக்கு மேல ஏழுக்குள்ள. பிரிக்பீல்ட்ஸுக்கு நான் வரமாட்டேன். நீங்க எல்லாரும் கிள்ளானுக்கு வந்துருங்க. வராட்டி அடுத்த வருஷம் பாத்துக்குவோம்.”

“வந்துடுறேன்க்கா.”

“இன்னொண்ணு. கல்யாணம் முடியிற வரைக்கும் தண்ணிக்குள்ள இறங்குறது இல்ல. சொல்லுங்க.”

நிரஞ்சனி கடலைப் பார்த்தார். ஆறு மணி, ஒரு படகும் ஓடவில்லை.

“சொல்லுங்க நிரஞ்சனி.”

“இறங்கல.”

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ஆறு பதினெட்டுக்கு அவர் கையில் தட்டு வந்தது. வெற்றிலை, பழம், சேலை. வல்லிபுரம் மருமகளோடு பேசவில்லை. பொய்க்காக அல்ல, அதற்குக் குர்சுஸ் என்ற பெயரைப் பயன்படுத்தியதற்காக என்று மகனிடம் சொன்னாராம். கிருஷாந்த் காரில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஆமை எவ்வளவு பெரிசு? ஜனகா முன் இருக்கையில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணம் 2026 நவம்பர் மாதத்தில். அடுத்த சனிக்கிழமை கிள்ளான் குளத்துக்கு நிரஞ்சனி போகவில்லை.