அரையும் முக்காலும் முக்காலும்

வெள்ளிக்கிழமை காலை, ஞாயிறு விளையாட்டுக்கு ஆர் ஆர் வருகிறீர்கள் என்று கேட்டிருந்த எங்கள் தொலைபேசிக் குழுவில் "நான் வாறன்" என்று போட்டேன். அடுத்த செய்தி யசோ அக்காவின் இலக்கத்திலிருந்து வந்தது. வழக்கம்போல "மூண்டு மணிக்கு முதல் வாங்கோ" என்றுதான் இருக்கும் என்று திறந்தேன். "அக்கா இண்டைக்கு விடிய காலமாகிட்டா. இருதயம்" என்று அவருடைய தங்கை எழுதியிருந்தார். அடையாள அட்டையைப் பிரதி எடுக்க ஒருவர் கடையில் நின்றிருந்தார். ஒரு பிரதி கேட்டவருக்கு நான் ஏழு எடுத்துக் கொடுத்தேன்.

புளியங்குளத்துப் பக்கத்தில் யசோதா என்றால் வைத்தியசாலையின் மருந்து யன்னலில் நிற்கும் முகமாகத்தான் பலருக்கு நினைவு வரும். எனக்கு அவர் அறிமுகமானது ஓமந்தையில் என் போட்டோக்கொப்பிக் கடையில். கட்டங்கள் நிறைந்த ஒரு தாளை நீட்டி ஐந்து பிரதி கேட்டார். பெயர், தொழில், பலம், உயரம் என்று இருந்தது. கச்சேரியில் கொடுக்கும் அரசாங்கப் படிவம் என்று நினைத்து, "அக்கா, குடும்ப விபரம் எழுதிற பக்கத்தை விட்டுட்டு வந்திட்டீங்கள்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. கனடாவிலிருக்கும் தம்பி ஒரு விளையாட்டுப் புத்தகம் அனுப்பியிருக்கிறார், ஆளுக்கொரு மனிதரைத் தாளில் உண்டாக்கி, சுற்றியிருந்து கதை நடத்தி, இருபது முகப் பகடையை உருட்டி முடிவு காண்பது என்றார். "ஆள் காணாது. நீரும் வாருமன்" என்றார். போனேன் என்று சொல்லக்கூடாது. அடுத்த ஞாயிறிலிருந்து அவர்கள்தான் என் கடைக்கு வந்தார்கள்.

நான்கு பேர் நாங்கள். கதையை நடத்துபவர் யசோ அக்கா. ஆட்டோ ஓட்டும் சேகர் அண்ணை, கணிதம் படிப்பிக்கும் கஜன், நான். நான் உண்டாக்கிய பெண் முதலில் எழுத்தராக இருந்தாள், பிறகு வைத்தியம் பழகினாள், பிறகு ஓடம் விட்டாள். வேறு எப்படி உண்டாக்குவேன்? நானே பாலர் பாடசாலையில் ஒரு வருடம், ஆடைத் தொழிற்சாலையில் கொஞ்சம், முடிக்காத தாதிப் பயிற்சி என்று வந்து கடையில் குந்தியவள். மலையகத்திலிருந்து வந்த என் பெற்றோரும் அப்படித்தான், எந்த வேலையிலும் முழுதாக நிற்க விடப்படாதவர்கள்.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு தொழிலும் பகடையில் விழும் எண்ணோடு கூட்டுவதற்குக் கொஞ்சம் தரும். எழுத்தருக்கு ஒரு படிக்கு அரை. வைத்தியருக்கு முக்கால். ஓடக்காரருக்கும் முக்கால். போர்வீரருக்கு முழுதாக ஒன்று. பின்னம் வந்தால் கீழே வெட்டவேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு தொழிலையும் தனித்தனியாக வெட்டவேண்டும், புத்தகத்தில் அப்படித்தான் கிடக்கிறது என்று கஜன் விரல் வைத்துக் காட்டினார். அரையை வெட்டினால் பூச்சியம். முக்காலை வெட்டினாலும் பூச்சியம். மூன்று தொழிலிலும் ஒவ்வொரு படி ஏறிய என் பெண்ணின் கட்டத்தில் ஒரு முட்டை விழுந்தது. ஒரே தொழிலில் மூன்று படி ஏறிய சேகர் அண்ணையின் போர்வீரனுக்கு மூன்று.

அந்தப் போர்வீரன் ஒருநாள் ஆற்றில் விழுந்தான். கரையில் நின்றவள் என் பெண். இழுத்தெடுக்கப் பன்னிரண்டு வேண்டும். பதினொன்று விழுந்தது. கூட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. சேகர் அண்ணை சிரித்துக்கொண்டே தாளைக் கிழித்து, அடுத்த ஆளை எழுதத் தொடங்கிவிட்டார். எனக்கு வீட்டுக்குப் போயும் ஆறவில்லை. விளையாட்டிலும் நான் முழுதாக ஒன்றுமில்லாதவள், அதனால் ஒருவர் என் கையிலிருந்து போய்விட்டார் என்று இருந்தது. இன்னும் சில மாதம் ஒப்புக்கு உருட்டினேன். பிறகு, கடையைத் தருகிறேன், மேசையில் நான் இருக்கமாட்டேன் என்று சொல்ல முடிவெடுத்தேன்.

சொல்வதற்குள் ஒரு புதன்கிழமை மதியம், வேலை உடுப்போடு, யசோ அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினார். கதிரையை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை.

"சாந்தி, உம்மட கணக்கில ரெண்டு குறையுது. எட்டு மாசமாக் குறையுது."

"என்னக்கா சொல்லுறீங்கள்?"

"இண்டைக்கு ஒரு ஐயாவுக்கு மருந்துக் குளிசை குடுத்தனான். காலமை அரை, பின்னேரம் அரை. அரைக் குளிசை ஒரு குளிசை இல்லையெண்டு ரெண்டையும் வெட்டினா அந்தாள் என்னத்தைக் குடிக்கிறது? உமக்கு நான் அதைத்தான் செய்து வைச்சிருக்கிறன்."

மருந்து போடும் கடதாசி உறை ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். அரை, முக்கால், முக்கால். கூட்டினால் முழுதாக இரண்டு. முதலில் கூட்டு, கடைசியில் ஒருதரம் மட்டும் வெட்டு. "புத்தகம் கிடக்கட்டும். கஜனோட நான் கதைக்கிறன்" என்றார்.

நான் ஆற்றைப் பற்றிக் கேட்டேன். பதினொன்றும் இரண்டும் பதின்மூன்று.

"ஓம், அதுதான் வந்தனான்" என்றார். "செத்த ஆளை எழுப்பமாட்டன், நடந்தது நடந்ததுதான். ஆனா அண்டைக்கு நீர் கையை விடேல்லை. பிழை என்ர."

விடுமுறை நாளில் ஒரு மேசையில் நடக்கும் விளையாட்டுக்காக, மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்து மன்னிப்புக் கேட்ட வேறொருவரை நான் அறியேன். அவர் போன பிறகு பிரதி இயந்திரத்துக்குப் பின்னால் நின்று அழுதேன். விளையாட்டை விடும் பேச்சை அதோடு விட்டேன்.

அவரை இளகிய மனம் என்று மட்டும் எழுதினால், அறிந்தவர்கள் சிரிப்பார்கள். அடுத்த படியை எழுத்தர் தொழிலில் ஏறி இரண்டரை ஆனேன். மூன்றாகப் போடுங்கோ, என்ன குறையும் என்று கெஞ்சினேன். "குளிசையை அரை கூடக் குடுத்தா என்ன எண்டு கேக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். "கூட்டேக்க ஒரு துளியும் விடமாட்டன். வெட்டேக்க ஆரின்ர முகத்தையும் பார்க்கமாட்டன்." நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்ததைக் கண்டு, "அந்த அரை எங்கையும் போகாது. எழுதி வையும். அடுத்தமுறை வந்து சேரும்" என்று பென்சிலைத் தந்தார். அது சேர்ந்த நாளில் என்னைவிட அவர்தான் கூடச் சந்தோசப்பட்டார்.

செத்த வீட்டில் நாங்கள் மூவரும் பின்வரிசையில் இருந்தோம். முன்னால் இருந்த உறவினர் ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார்: "பாவம் பிள்ளை. கம்பஸ் படிப்பும் இடையில நிண்டுபோச்சு, கலியாணமும் பேச்சோட போச்சு, கனடாவுக்கும் போகேல்லை. ஒண்டும் முழுசா இல்லாமப் போட்டுது." எனக்குக் கோபம் தலைக்கேறியது. துக்க வீடு என்றும் பார்க்கவில்லை.

"ஒவ்வொண்டா வெட்டாதேங்கோ ஐயா. எல்லாத்தையும் கூட்டிப்போட்டுச் சொல்லுங்கோ" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. என் பக்கத்தில் இருந்த கஜன் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போன ஞாயிறு யசோ அக்காவின் கதிரையில் என்னை இருத்தினார்கள். சேகர் அண்ணைக்கு அரை குறைந்தது. "சாந்தி, யசோ அக்காவை நினைச்சு ஒருக்காப் போட்டுவிடுமன்" என்றார். அவவை நினைச்சுத்தான் போடேல்லை என்றேன். எழுதி வைக்கச் சொல்லிப் பென்சிலைக் கொடுத்தேன்.

அந்த மருந்து உறை என் மேசை லாச்சியில் இருக்கிறது. நோயாளியின் பெயர் எழுதவேண்டிய இடத்தில் யசோ அக்கா அன்று ஒன்றும் எழுதவில்லை. நேற்று நான் அதில் என் பெயரையும், அதன் கீழே நான் செய்தவற்றையும் எழுதினேன். பாலர் பாடசாலை, ஆடைத் தொழிற்சாலை, தாதிப் பயிற்சி, கடை. அவர் எனக்குக் கூட்டிக் காட்டிவிட்டுப் போன கணக்கு அது, இனி அதை எவரும் வெட்ட விடமாட்டேன்.