தூரத்தைப் பார்த்து ஓட்டிய எங்கள் அக்கா

அக்காவின் முதலாண்டுத் திதியில் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும் என் வணக்கம். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். அண்ணன்களில் ஒருவர் எழுதட்டும் என்றுதான் முதலில் சொன்னேன். "அக்கா மோட்டாருக்குப் பின்னால அதிகம் உட்கார்ந்து போனது நீதானே, நீயே எழுது" என்று விட்டுவிட்டார்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதி முடிப்பதற்குள் மூன்று முறை கிழித்துப் போட்டுவிட்டேன்.

அக்கா பிறந்தது ஜெராமுக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்து லயத்தில். அப்பா குலை வெட்டினார். அம்மா மரத்தடியில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கினார். ஐந்து பிள்ளைகளில் அக்கா மூத்தவர், நான் கடைசி. எங்களுக்குள் பதினோரு வயது வித்தியாசம். என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய், வாத்தியாரிடம் திட்டு வாங்கியிருக்கிறார். பிறகு மாமாவைக் கட்டிக்கொண்டு அம்பாங் பெச்சாவில் வாழ்ந்தார். மாமா திடீரென்று மாரடைப்பில் போனதும், ஒரே ஒரு துணிப்பையோடு தோட்டத்துக்கே திரும்பி வந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. நானும் கல்யாணம் கட்டாதவள். அம்மா அப்பாவும் போன பிறகு, அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான்.

அக்கா ஜெராமில் மீன் சுத்தம் செய்து பெட்டியில் அடுக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஒரு நாள், பேக்டரி பஸ் இனித் தோட்டத்துக்குள் வராது என்று சொல்லிவிட்டார்கள். மெயின் ரோட்டுக்கு நடந்தால் ஒரு மணி நேரம் ஆகும். வேலையை விட வேண்டும், இல்லையென்றால் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். அப்போது அக்காவுக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது.

"மோட்டார் பழகப் போறேன் பாப்பா" என்றார்.

"விழுந்து கை கால் ஒடிஞ்சா யாருக்கா பாக்குறது?"

"நீதான். அதுக்குத்தானே உன்ன வளத்தேன்."

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம் வரும் என்பது இதைப் படிக்கும் எல்லாருக்கும் தெரியும். பழைய கப்சாய் மோட்டார் ஒன்றை வாங்கி, பழகுகிறவர்களுக்குக் கொடுக்கும் எல் லைசென்சும் எடுத்து, தோட்டத்துச் செம்மண் சாலையில் அக்கா பழக ஆரம்பித்தார். நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். என் வாயில் ஒரே சொல்தான்.

"பாத்துக்கா! லோங்காங்கப் பாத்து! கல்லப் பாத்து! ஐயோ, மாட்டப் பாத்து!"

அக்கா சொன்ன பேச்சைக் கேட்டார். சாலையோரச் சாக்கடையை, அந்த லோங்காங்கைப் பார்த்தார், அதற்குள்ளேயே போய் இறங்கினார். கல்லைப் பார்த்தார், கல் மேல் ஏறினார். மாடு மட்டும் தானாக நகர்ந்துகொண்டது. எதிர்வீட்டு அண்ணி வாசலில் நின்று, "ஏம்மா, உங்கக்கா மோட்டார் ஓட்டுதா, லோங்காங்குல மீன் பிடிக்குதா?" என்று கேட்டுச் சிரித்தார். அக்கா முழங்காலில் சேற்றோடு, "ரெண்டும்தான். பேக்டரிக்கு மீன் பத்தலையாம்" என்றார்.

பிறகு கோல சிலாங்கூரில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தார். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஹெல்மெட்டின் வாரைக் கழற்றிக்கொண்டே, "நாளைக்கு எனக்குத் தித்தி" என்றார். என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. கையில் இருந்த தட்டைப் போட்டுவிட்டேன்.

"விளக்கு வைக்கிற நேரத்துல வாயில என்னக்கா வருது!"

நான் அழ ஆரம்பித்த பிறகுதான் அக்காவுக்கு விஷயம் புரிந்தது. சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. "அடி பைத்தியமே, திதி இல்லடி, தித்தி! பலகை மாதிரி ஒடுக்கமா ஒரு பாலம் கட்டி வச்சிருக்கான். கீழ விழாம அதுமேல ஓட்டணும். மலாய்க்காரங்க அப்படித்தான் சொல்றாங்க. எனக்குத் திதி குடுத்துட்டா நாளைக்குச் சோறு யாரு ஆக்குறது?"

இந்தப் பக்கத்தை எழுதும்போதும் அந்தச் சிரிப்பு பக்கத்து அறையில் கேட்பது போலவே இருக்கிறது.

மறுநாள் நானும் கூடப் போனேன். அக்கா அந்தப் பலகையில் ஏறினார், பாதியில் சறுக்கினார். மறுபடி ஏறினார், மறுபடி சறுக்கினார். பயிற்சி கொடுத்தது ராவாங்கிலிருந்து வரும் ஒரு தமிழ்ப் பெண். எங்களுக்கு மகள் வயது இருக்கும்.

"ஆண்ட்டி, எங்க பாக்குறீங்க?"

"பலகையத்தான்மா. பாத்து ஓட்டு, பாத்து ஓட்டுன்னு தங்கச்சி உயிர வாங்குறாளே."

"அதான் விழுறீங்க லா. கண்ணு எங்க போகுதோ அங்கதான் மோட்டாரும் போகும். விழுற எடத்தப் பாக்காதீங்க, போகப் போற எடத்தப் பாருங்க. அந்தக் கடைசியில மரம் நிக்குதுல்ல, அதப் பாருங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "சின்ன ஆண்ட்டி, இனிமே நீங்க பாத்து, பாத்துன்னு கத்தக் கூடாது" என்றது.

"அப்ப நான் என்னம்மா சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதீங்க. அதுவே பெரிய உதவி."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டை விட்டு யார் கிளம்பினாலும் பார்த்துப் போங்க என்று சொல்லி அனுப்புகிறவள் நான். எதைப் பார்ப்பது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. குழியை, லோங்காங்கை, வரப்போகிற கெட்டதைத்தான் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அக்கா தலையை நிமிர்த்தி மரத்தைப் பார்த்தார். மோட்டார் அந்தப் பலகை மேல், தண்ணீரில் படகு போவது போலப் போய் அந்தப் பக்கம் இறங்கியது.

லைசென்ஸ் கிடைத்த பிறகு அக்கா என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். முதல் பல நாட்கள் ஜெராம் வரை கண்ணை மூடிக்கொண்டுதான் போனேன். வளைவில் அக்கா ஒரு பக்கம் சாய்ந்தால், நான் பயந்துகொண்டு மறுபக்கம் சாய்வேன். "என்கூடயே சாயி பாப்பா. என் தோளுக்கு மேல பாரு" என்பார். முன் பிரேக்கைத் தொட்டால் தூக்கி அடிக்கும் என்று தோட்டத்தில் எல்லாரும் சொல்வார்கள். அக்கா இரண்டு பிரேக்கையும் சேர்த்து, ஈரத் துணியைப் பிழிவது போல மெல்ல இறுக்குவார். செம்பனை லோரி பழத்தைக் கொட்டிவிட்டுப் போன வளைவுகளில், தூரத்திலேயே வேகத்தைக் குறைப்பார். பக்கம் மாறும்போது கண்ணாடியை மட்டும் நம்பாமல் தோளைத் திருப்பிப் பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கண்ணைத் திறந்துவிட்டேன். தோட்டம் முழுக்கப் பனி. செம்பனை மட்டைகள் இரண்டு பக்கமும் நீருக்கடியில் அசைவது போல அசைந்தன. மோட்டார் சத்தம்கூட வேறு எங்கோ கேட்டது. கொக்குகள் எங்களோடு கொஞ்ச தூரம் பறந்து வந்து, யோசித்து, விலகிப் போயின. தோட்டம் முடிந்ததும் கடல் காற்று முகத்தில் உப்பாகப் படிந்தது. இறங்கிய பிறகும் கால் தரையில் பாவவில்லை. அன்றிலிருந்து கம்போங் குவாந்தான் ஆற்றோரம், கடற்கரை, கோயில் என்று அக்கா கூட்டிப் போன இடமெல்லாம் எனக்கு ஒரே நீண்ட தூக்கத்தில் பார்த்தவை போலத்தான் நினைவில் இருக்கின்றன. அந்தத் தூக்கத்தில் எனக்குப் பயம் இல்லை.

பிறகு அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மோட்டார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போக, யாராவது காரைக் கொண்டுவரும் வரை வாசலில் உட்கார்ந்திருப்போம். வலியைவிட அந்தக் காத்திருப்புதான் அக்காவை வதைத்தது.

"நான் போயிட்டா நீ இந்த வாசலத் தாண்ட மாட்டே. அதான் எனக்குக் கவல" என்றார். "எனக்காக வேணாம். உனக்காகக் கத்துக்க."

நானும் எல் லைசென்ஸ் எடுத்தேன். லயத்துக்கு எதிரில் உள்ள திடலில், மழைமரத்தடியில் நாற்காலி போட்டு அக்காவை உட்கார வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினேன். ஒவ்வொரு சுற்றிலும் என் கண் அக்காவிடமே போனது. சால்வைக்குள் எவ்வளவு சிறிதாகிவிட்டார் என்று பார்ப்பேன். மோட்டாரும் நேராக அவரிடமே போகும். ஒரு தடவை அவர் காலுக்கு முன்னால்தான் போய் நின்றது.

"என்னப் பாக்காதே பாப்பா."

"உங்களப் பாக்காம எப்படிக்கா?"

"நான் எங்க போகப் போறேன்? இங்கதானே உக்காந்திருக்கேன். நீ எதிர்ல பாரு."

அடுத்த சுற்றில் திடலின் கடைசியில் இருந்த கோல்போஸ்டைப் பார்த்தேன். மரத்தடியைத் தாண்டும்போது ஓரக்கண்ணில் சால்வையின் நிறம் மட்டும் ஒரு முறை வந்து போனது. பின்னால் மெல்லக் கை தட்டும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

சில வாரங்களில், விடிந்து கொஞ்ச நேரத்தில், தூக்கத்திலேயே அக்கா போய்விட்டார். நான் லைசென்ஸ் தேர்வுக்குப் போனதை அவர் பார்க்கவில்லை.

கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த எதிர்வீட்டு அண்ணிக்கும், அக்காவின் கையைப் பிடித்துப் பேசிய ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸிகளுக்கும், கார் கொடுத்த தோட்டத்து மக்களுக்கும், பாடை தூக்கிய அண்ணன்களுக்கும் பிள்ளைகளுக்கும், கருமாதிக்கு ராவாங்கிலிருந்து வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அந்தப் பயிற்சிப் பெண்ணுக்கும், மீன் பேக்டரித் தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

நான் இரண்டாவது தடவையில்தான் தேர்ச்சி பெற்றேன். இன்று வர முடியாத உறவுகளுக்கு இந்த மலரை நானே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறேன். ஜெராம் பக்கம் இருப்பவர்களுக்கு முதலில் வரும், மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் தள்ளி. மெதுவாகத்தான் வருவேன். மழை பெய்தால் பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கி நிற்பேன். எங்கே இருக்கிறாய் என்று கேட்டு போன் அடிக்க வேண்டாம். ஓட்டும்போது எடுக்க மாட்டேன்.