கதிரைக்கு விழுந்த பிழை

"கதைக்கப் பழக்கிறதுக்கும் ஒரு கம்பஸோ, தங்கச்சி? எங்கட ஆக்களுக்குக் கதையைக் குறைக்கத்தான் படிப்பு வேணும்."

டவுனில், ஓர்ஸ் ஹில்லில், விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கும் கொமினிகேஷன் கடைக்கார அண்ணன் இப்படிச் சொன்னபோது, போட்டோக் கொப்பி எடுக்க நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பகிடி நல்ல பகிடிதான். ஆனால் நீட்டிய தாளை நான் திருப்பி எடுக்கவில்லை.

உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் நாட்கள் அவை. எந்தப் படிப்பு முதலாவது விருப்பம், எது இரண்டாவது என்று எழுதிக் கொண்டுபோன தாள் அது. முதலாவது வரியில் பேச்சு, கேள்வி விஞ்ஞானம் என்று எழுதியிருந்தேன். பேச்சு வராத பிள்ளைகளுக்கும், பாரிசவாதம் வந்து பேச்சை இழந்தவர்களுக்கும், காது மந்தமானவர்களுக்கும் சிகிச்சை செய்யப் படிப்பிக்கும் துறை. படிக்கிற இடம் கொழும்புப் பக்கம். அதற்கு ஆங்கிலம் வேண்டும் என்று அறிந்து, சாதாரண தரத்தில் வெறும் 'எஸ்' சித்தி மட்டும் எடுத்திருந்த ஆங்கிலத்தை, உயர்தரம் படித்துக்கொண்டே மறுபடி எழுதி 'சீ' எடுத்தவள் நான். ஒரு பகிடிக்கு அதை விட்டுவிட முடியாது.

எங்கள் வீடு கப்பல்துறையில். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறார். பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மா மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது சண்டையால் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தார். அதோடு அவருடைய படிப்பு நின்றது. தன் பெயரை எழுதுவார், பஸ்ஸின் இலக்கம் பார்ப்பார், அவ்வளவுதான். அதனால் எட்டு வயதிலிருந்து வீட்டுக்கு வருகிற எல்லாத் தாளையும் நான்தான் வாசிக்கிறேன். மின்சார பில், கிராம சேவகரின் கடிதம், மருந்துப் பெட்டியில் ஒட்டிய துண்டு, எல்லாம். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

என் தங்கச்சியை வெளி மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போனபோதும் அம்மா என்னை அதற்காகத்தான் கூட்டிச் சென்றார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது, தங்கச்சிக்கு நாலு. அவள் மிகவும் குறைவாகப் பேசினாள். பேசியதும் எங்களுக்கு மட்டுமே விளங்கும். சில பிள்ளைகளுக்குப் பேச்சுப் பிந்தும் என்று சொந்தக்காரர் சொல்லிச் சொல்லியே இரண்டு வருடம் போய்விட்டது.

அங்கே பேச்சுச் சிகிச்சை செய்த மிஸ் சிங்களவர், மிகவும் தன்மையானவர். கொஞ்சம் தமிழ் தெரியும். படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார். பக்கத்தில் ஒரு தாள். பிள்ளை சொல்ல வேண்டிய தமிழ்ச் சொல் அதில் அச்சடித்திருந்தது. சரியென்றால் சரி போடுவார், பிழையென்றால் பிழை.

முதல் படம் கதிரை. தங்கச்சி, "கதிலை" என்றாள். ர அவளுக்கு வராது, ஆனால் சொல் சரி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மிஸ் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிழை போட்டார். அடுத்தது தோடம்பழம். "தோலம்பலம்." பிழை. சவர்க்காரம் அவளுக்கு நீளமான சொல். அரைவாசியை விழுங்கி ஒருமாதிரிச் சொல்லி முடித்தாள். அதற்கும் பிழை. நாலாவது படம் வந்தபோது தங்கச்சி அட்டையைப் பார்க்கவில்லை, மிஸ்ஸின் பேனையைப் பார்த்தாள். அதன் பிறகு வாயே திறக்கவில்லை.

நான் எழும்பிப் போய்த் தாளை எட்டிப் பார்த்தேன். நாற்காலி. ஆரஞ்சு. சோப்பு. இந்தியாவில் தயாரித்த பட்டியல். எங்கள் வீட்டில் நாலு கதிரை இருக்கிறது, ஒரு நாற்காலிகூட இல்லை.

"மிஸ், அவள் சரியாத்தான் சொன்னவள்," என்றேன். "எங்கட ஊரில இது கதிரை."

அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஆஸ்பத்திரியில் எதிர்த்துக் கதைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நான் விடவில்லை. பள்ளிக்கூட ஆங்கிலத்தில், கையையும் காலையும் ஆட்டி விளங்கப்படுத்தினேன். மிஸ் கோபிக்கவில்லை. பிழைகளை வெட்டிவிட்டு, பேனையை என்னிடம் தந்து, உங்கள் ஊர்ச் சொற்களைப் பக்கத்தில் எழுது என்றார். இந்தத் தாளைத் திருத்தித் தரத் தமிழ் ஆள் ஒருவரும் தன் பிரிவில் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். துவாய், யன்னல், பப்பாப்பழம் என்று அந்த மேசையிலேயே நின்று எழுதினேன்.

தங்கச்சியின் காது மந்தம் பிறகு தெரியவந்தது. கருவி கிடைத்தது, பேச்சு மெல்ல வந்தது. இப்போது அவளை நிற்பாட்டுவதுதான் கஷ்டம். ஆனால் அந்த மூன்று பிழையை நான் மறக்கவில்லை. நான் பக்கத்தில் இல்லாத பிள்ளைகளுக்கு எத்தனை பிழை விழுந்திருக்கும்? மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் போகிற பிள்ளைகள் வேறு சொல் சொல்லுவார்கள். அதை ஆர் அந்தத் தாளில் எழுதியது?

தாளைக் கொடுத்து இரண்டு நாள் கழித்து அம்மாவோடு கடைக்குப் போனேன். அண்ணன் எல்லாவற்றையும் கணினியில் நிரப்பி, உறுதிசெய்ய முன் பார்ப்பதற்காக ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். கையெழுத்துப் போடத்தான் இருக்கு என்றார். நான் வாசித்தேன். முதல் நாலு விருப்பமும் கிழக்கில், வீட்டிலிருந்து போய்வரக்கூடிய படிப்புகள். என்னுடைய முதலாவது ஆறாவதாகக் கிடந்தது.

"அண்ணன், நான் தந்த ஒழுங்கு இது இல்லை."

அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். அம்மா கடைக் கண்ணாடியால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் விளங்கியது. அம்மா தனியாக வந்து மாற்றச் சொல்லியிருக்கிறார். இத்தனை வருடமாக வீட்டின் எல்லாத் தாளையும் எனக்கு வாசிக்கத் தந்தவர், என்னுடைய தாளை மட்டும் நான் வாசிக்காமல் கையெழுத்துப் போடுவேன் என்று நினைத்திருக்கிறார். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"நாலு வருஷம் பிள்ளை," என்றார் அம்மா. "அங்க உனக்கு ஒருத்தரையும் தெரியாது. நோயாளியள் சிங்களத்தில கதைப்பினம். உன்னால ஏலுமோ?"

"தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகேக்க அங்க உங்களுக்கு ஆரைத் தெரியும்?"

கடையில் நின்றவர்கள் எங்களைப் பார்க்காத மாதிரி நின்றார்கள். அண்ணன், அனுமதிக்குக் கேட்கிற இசற் புள்ளி போதாமல் போனால் பிறகு அழக்கூடாது, இப்படி எத்தனை பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன் என்றார். காணாவிட்டால் மறுபடி பரீட்சை எழுதுவேன், ஆனால் ஆறாவது இடத்தில் ஒளித்து வைத்துக் கேட்க மாட்டேன் என்றேன்.

அம்மா அண்ணன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அவள் எழுதினபடியே போடுங்கோ. இல்லாட்டி சாகும்வரைக்கும் எனக்குச் சொல்லிக் காட்டுவாள்."

"ஓம் அம்மா, காட்டுவன்," என்றேன்.

அண்ணன் கணினியில் ஒழுங்கை மாற்றினார். புதிய பிரதியை மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு அம்மாவுக்கும் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினேன். அதன் பிறகுதான் கையெழுத்து. தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டு, துண்டை அம்மாவின் கைப்பையில் வைத்தேன்.

தங்கச்சிக்குச் செய்தி சொன்னபோது, "எனக்குப் பழக்கினது காணாதாம், அக்கா இனி ஊரையே கதைக்க வைக்கப் போறா," என்று பக்கத்து வீடுவரை கேட்கச் சொன்னாள். 'ஊரை'யில் ர சுத்தமாக விழுந்தது.

கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. ஆனால் அம்மா கேட்ட கேள்வி சரியான கேள்வி. அந்த மிஸ்ஸுக்குக் கதிரை தெரியாமல் போனது போல, சிங்களப் பிள்ளை ஒன்றின் சரியான சொல்லுக்கு நான் பிழை போடக்கூடாது.

போன சனிக்கிழமை காலை டவுனில் சிங்கள வகுப்பில் சேர்ந்தேன். பெரும்பாலும் கந்தோர் வேலைக்காகப் படிக்க வந்தவர்கள். முதலில் என்ன சொல் தெரிய வேண்டும் என்று ஆசிரியர் ஒவ்வொருவரையும் கேட்டார். விடுமுறை, சம்பளம், கையெழுத்து என்று கேட்டார்கள். என் முறை வந்ததும், இருந்த கதிரையைத் தட்டிக் காட்டினேன்.

"புட்டுவ," என்றார்.

பின்னால் ஒருவர், புட்டு எண்டு காலைச் சாப்பாட்டை ஞாபகப்படுத்துறார் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கொப்பியின் முதல் பக்கத்தில் கதிரை என்று எழுதி, அதற்கு நேரே புட்டுவ என்று எழுதினேன்.