துவைத்த படங்குகள்

நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்த ஒருத்தியின் படங்கை நீங்கள் எப்போதாவது மோந்து பார்த்திருக்கிறீர்களா? செடி கிழிக்காமலும் பனி நனைக்காமலும் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டும் முரட்டுத் துணிதான் படங்கு. தேயிலைச் சாறு, சேறு, வியர்வை, அட்டை கடித்த ரத்தம் எல்லாம் ஒன்றாக நாறும். அந்த நாற்றத்தில் வளர்ந்தவள் நான். கேம்பஸுக்குப் போன முதல் வாரம், என் உடுப்பில் அது ஒட்டியிருக்கிறதா என்று தேடியவளும் நான்தான். அந்தப் படங்கைக் கொழும்பில் ஒரு கண்காட்சிச் சுவரில் மாட்டப்போவதாக ஓவியர் அக்கா சொன்னபோது, சத்தியமாக, இவருக்கு மண்டை கழன்றுவிட்டது என்றே நினைத்தேன்.

அக்கா எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்தவர். சின்ன வயதில் அவரைக் கையைப் பிடித்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது என் அம்மா. அவருடைய பெற்றோர் இறந்த பிறகு அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவில் வேறு குடும்பம் வந்துவிட்டது. வெளிநாடுகளில் எல்லாம் கண்காட்சி வைத்துவிட்டுத் திரும்பியவர், லிந்துலை டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்கு மேலே அறை எடுத்துத் தனியாக இருந்தார். லயத்துக்கு வந்தால் எல்லோரும் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார்கள். அவருக்கு மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி ஓடிவரும். அம்மாகூட அவரை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டார். அக்கா ஒருநாளும் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை. அந்த நாற்காலியின் விளிம்பில், எழும்பிவிடலாமா என்பதுபோல உட்கார்ந்திருப்பார்.

“நம்ம பொம்பளைங்க மூஞ்சிய தேயில டப்பாவுல ஒட்டி வித்தது போதும். இனி யாருக்கும் மூஞ்சி காட்ட வேணாம்” என்பார். படங்கில் கறை படியும் இடம் ஆளுக்கு ஆள் வேறு. உயரம், நடை, சுமக்கும் பக்கம் எல்லாம் அதில் இருக்கிறது, வரைந்தது அவர்களே என்பது அவர் கட்சி. படங்கு கொடுக்கும் பன்னிரண்டு பெண்களின் பெயரும் தன் பெயரும் ஒரே அளவு எழுத்தில் சுவரில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். உதவிக்கு இருந்த எனக்கு ஒரே ஒரு கட்டளை: எதுவும் விளக்காதே, கட்டியிருப்பதை அப்படியே வாங்கிவா.

நான் விளக்கினேன். படித்த திமிர், வேறென்ன. கொழும்பில் பெரிய பெரிய ஆட்கள் வந்து பார்ப்பார்கள் என்று லயம் முழுக்க அளந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, பூட்டிக்கிடந்த பிள்ளைக்காம்பராவை, தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தை, திறந்து, பெண்கள் சுற்றி நிற்க, அக்கா படங்குகளை ஒவ்வொன்றாக விரிக்கத் தொடங்கினார். பன்னிரண்டும் பளிச்சென்று இருந்தன. மலையிலிருந்து வழியும் பீலித் தண்ணியில் சவர்க்காரம் போட்டு, பிரஷால் தேய்த்து, கிழிசல் தைத்து, ஒருத்தி பவுடர்கூடத் தூவியிருந்தாள். அக்கா ஐந்தாவதோடு நிறுத்திவிட்டு, யார் கழுவச் சொன்னது என்று கேட்டார்.

அம்மா சிரித்தார். “யாரு சொல்லணும் டீச்சர்? நாலு பேரு பாக்கப் போறத அழுக்காவா குடுப்பாங்க?”

“அதுல என்ன இருந்துச்சுன்னு ஒங்க யாருக்குமே தெரியல.”

அம்மாவின் சிரிப்பு நின்றது. “எங்க இடுப்புல கட்டுனது டீச்சர். எங்களுக்குத் தெரியாதா?”

தன்னுடையதை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு அம்மா வெளியே போனார். மற்றவர்கள் தங்களுடையதை விட்டுவிட்டுப் பின்னால் போனார்கள். பெரிய ஆட்கள் பார்ப்பார்கள் என்று சொன்னது நான்தான் என்று அந்த இடத்தில் வாய் திறந்திருக்கலாம். கதவுப் பக்கம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு சுத்தமான துணிகளோடு கண்காட்சி திறந்தது. பெண்களைக் கூட்டிவர அக்கா அனுப்பிய வேன் வெறுமையாகத் திரும்பியது. வேலை நாள் என்று சொல்லிவிட்டார்களாம். விருந்தினர்கள் அவரைச் சுற்றி நின்று பாராட்டிக்கொண்டிருக்க, அவர் கண் வாசலிலேயே இருந்தது. ஒருவர் என்னிடம், நீங்களும் கொழுந்து பறிப்பீர்களா என்று கேட்டார். இல்லை, நான் பட்டதாரி என்றேன். எவ்வளவு வேகமாகச் சொன்னேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

அம்மாவின் பெயர் சுவரில் அப்படியே இருந்தது. அதற்கு நேரே வெறும் ஆணி. எல்லோரும் போன பிறகு அக்கா அதன்முன் தரையில் உட்கார்ந்தார். “ஒங்கம்மா சொன்னதுதான் சரி. அவங்க அழுக்க மாட்ட நான் யாரு?” என்றார். “இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு லயத்துக்குப் போவேன்?” அளந்துவிட்டது நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

படங்குகளை என் கையிலேயே கொடுத்தனுப்பினார். அக்கா காலிசெய்துபோன நானாவின் மாடி அறையில் இப்போது ஒரு டியூஷன் வகுப்பு நடக்கிறது. டீச்சருக்கு இன்னும் கோபமா என்று அம்மா கேட்கிறார். லயத்தில் இன்னும் கோபமா என்று அக்கா செய்தி அனுப்புகிறார். இரண்டு பேருக்கும் நான் ஒரே பதிலைத்தான் சொல்லிவருகிறேன்: தெரியாது.

அக்கா இந்த நிமிடம் ஆன்லைனில் இருக்கிறார்.