வரி 412-க்குத் திரும்பியவள்

உங்களை நிராகரித்த கடிதத்தை யார் எழுதினார் என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறீர்களா? "கம்ப்யூட்டர் சொல்லிடுச்சு" என்றதும் வாயை மூடிக்கொண்டு வந்தவர்கள்தானே நாம்?

இவள் கேட்டாள். மாணவியர் விடுதி விண்ணப்பங்களைத் தரம்பிரிக்கும் மென்பொருளை எழுதும் நிறுவனத்தில் நிரலாளர். அலுவலகம் வைத்த பட்டப்பெயர் 'ரிவர்ஸ் கியர்'. நிரல் எழுதும் எடிட்டரில் எத்தனை கோப்புகள் தாவிப் போனாலும், இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தி, முன்பு நின்ற வரிக்கே திரும்பிப் பார்ப்பாள். வேலை முடிந்த பிறகும் பார்ப்பாள்.

அன்று தந்த வேலை அற்பமானது. நிராகரிப்புக் கடிதத்தில் முகவரி கோணலாக அச்சாகிறது, சரிசெய்ய வேண்டும். கடிதத்திலிருந்து, யாருக்கு இடம் என்று தீர்மானிக்கும் விதிக் கோப்புக்கும், அங்கிருந்து அச்சுக் கோப்புக்கும் தாவி, ஓரத்தின் அளவை மாற்றினாள். முடிந்தது. ஆனால் வழியில் ஏதோ கண்ணை உறுத்தியிருந்தது. விசைகளை அழுத்தித் திரும்பினாள்.

வரி 412: தந்தை பெயர் காலி என்றால், தகுதியற்றது.

அலுவலக மாடியைத் துடைக்கும் அக்கா மகளைத் தனியாக வளர்ப்பவர். முந்தின நாள்தான் மகளுக்கு வந்த விடுதி நிராகரிப்புக் கடிதத்தைக் காட்டியிருந்தார். "மார்க்கெல்லாம் இருக்கு கண்ணு. எது பத்தலன்னே தெரியல." திங்கட்கிழமை கல்லூரி திறக்கிறது. விடுதி இல்லையென்றால் தினமும் ஐந்து மணி நேரப் பயணம், படிப்பு அவ்வளவுதான். பெற்று வளர்த்தவள் பெயர் முழுதாக இருந்தும், இல்லாதவன் பெயருக்காகப் பிள்ளைக்குத் தண்டனை!

மேலாளரிடம் போனாள்.

"ஓரத்தைச் சரிபண்ணச் சொன்னா, விதிக்குள்ள எதுக்கும்மா போனே?"

"வழியில இருந்துச்சு சார். அப்பா பேர் இல்லன்னா தள்ளச் சொல்லி யார் கேட்டாங்க?"

"யாரும் கேக்கல. காலியா விட்டா அரைகுறை விண்ணப்பம்தானேன்னு நான்தான் போட்டேன். ஆறு வருஷமா ஒரு புகார் இல்ல."

"எப்படி சார் வரும்? கடிதத்துல காரணமே போடலையே!"

"ரிவர்ஸ் கியரைக் கழட்டி வை. முன்னாடி பாத்து வண்டி ஓட்டு."

"பின்னாடி ஆள் அடிபட்டுக் கிடக்கும்போதா சார்?"

இருக்கைக்கு வந்து அந்த வரியை நீக்கினாள். அதனால் மட்டுமே இந்த ஆண்டு தள்ளப்பட்ட முப்பத்தொன்பது பேரின் பட்டியலை எடுத்து, விடுதி நிர்வாகத்துக்குத் தன் பெயரிட்டே அனுப்பினாள்.

மேலாளர் அவளை வேறு பிரிவுக்குத் தூக்கியடித்தார். விடுதி முப்பத்தொன்பது பேரையும் மறுபடி பரிசீலித்தது. சனிக்கிழமை அக்காவின் மகளுக்குக் கட்டில் எண் வந்தது. புதுப் பிரிவில், தன் மேசைமேல் 'ரிவர்ஸ் கியர்' என்று அவளே எழுதி ஒட்டிக்கொண்டாள்.

உங்கள் வீட்டிலும் காரணம் சொல்லாத கடிதம் ஒன்று கிடக்கும். இன்றே எடுங்கள். எந்த விதி, எழுதியவர் யார் என்று எழுத்தில் கேளுங்கள்.